தீயில் இறங்கியவரும் பள்ளி கட்டியவரும்: நந்தனார், சகஜானந்தர் – ஓர் ஒப்பாய்வு

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்று ஓர் இடம் உண்டு. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தீயில் இறங்கியது அங்கேதான் என்பது ஊராரின் நம்பிக்கை. அதே ஓமக்குளத்தில் 1916ஆம் ஆண்டு, இருபத்தாறு வயதுத் துறவி ஒருவர் சேரிப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவர் சுவாமி சகஜானந்தர். தம் பள்ளிக்கு அவர் சூட்டிய பெயர் நந்தனார்.

இருவரும் பிறப்பால் ஒரே மக்களைச் சேர்ந்தவர்கள். இருவரும் சைவர்கள். இருவருக்கும் தில்லைக் கூத்தன்தான் தெய்வம். இருவருமே கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஆனாலும் இந்த இருவருடைய ஆன்மிக வாழ்வும் ஒன்றாக இல்லை. நம் சொற்பொழிவு மேடைகளில் பக்தி என்று வந்துவிட்டால் அன்பைப் பேசுவோம், உருக்கத்தைப் பேசுவோம், சரணாகதியைப் பேசுவோம். சரணடைகிறவர் தம்மைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பக்தியின் போக்கை முடிவுசெய்வதே அந்த நினைப்புதான் என்பது என் கருத்து. அதற்கு இந்த இருவரைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நந்தனாரின் பெயர் முதலில் வருவது சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில். அங்கே பெயர் மட்டும்தான். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி ஊரையும் குலத்தையும் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கைக்கு வரும்போதுதான் அது ஒரு மனிதரின் கதையாகிறது. சேக்கிழார் காட்டும் ஆதனூர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. அந்த ஊர்ச் சேரியை அவர் பார்த்திருக்கும் விதம் வியக்கத்தக்கது. சுரைக்கொடி படர்ந்த கூரைகள், உலர்த்தப் போட்ட தோல்கள், கையில் இரும்புக் காப்பணிந்த கறுத்த சிறுவர்கள் நாய்க்குட்டியைப் பறித்துக்கொண்டு ஓடும் ஓட்டம், மரநிழலில் தோலின் மேல் உறங்கும் கைக்குழந்தை என்று ஒன்றையும் விடாமல் சொல்கிறார். அருவருப்பு இல்லாமல், அருகில் நின்று பார்த்த கண் அது. அநபாயச் சோழனின் அவையில் முதன்மை பெற்றிருந்த ஒரு வேளாளர் அந்தக் காலத்தில் இப்படி எழுதியது சிறிய காரியம் இல்லை.

அந்தச் சேரியில் நந்தனார் ஊருக்கு ஊழியம் செய்வதற்காக விடப்பட்ட நிலத்தின் விளைச்சலில் வாழ்கிறார். கோயில்களுக்கு அவர் கொடுப்பவை முரசுக்குப் போர்வைத் தோல், அதை இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கருவறைக்கு முன்னே அதிரும் முரசின் முகம் அவர் பதப்படுத்திய தோல். இறைவன் காதில் விழும் யாழின் ஒலி அவர் திரித்த நரம்பில் பிறந்தது. அவர் கைப்பட்ட பொருள் உள்ளே போகலாம், அவர் போகக் கூடாது. தம் உழைப்பின் மதிப்பு நந்தனாருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். உழைத்த உடம்புக்கு மதிப்பு உண்டு என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே உள்ள திருப்புன்கூரில் சிவலோகநாதரைக் காண அவர் வாசலில் நிற்கிறார். நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியை விலகச் செய்கிறார். இன்றும் அங்கே போனால் நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் ஒதுங்கி இருப்பதைப் பார்க்கலாம். பக்தர்கள் அதைக் கண்டு கண்கலங்குகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரு கேள்வியும் எழும். கல் விலகியதே, மனிதர்கள் ஏன் விலகவில்லை?

தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஆசை வந்ததும் நந்தனாருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் தம் பிறப்பு நினைவுக்கு வருகிறது. அந்தப் பிறப்போடு அங்கே போவது பொருந்தாது என்று தம்மைத் தாமே தடுத்துக்கொள்கிறார். ஆசை மறுபடி கிளம்பும்போது நாளைக்குப் போகலாம் என்கிறார். இப்படியே நாட்கள் கழிகின்றன. ஒருநாள் கிளம்பியும் விடுகிறார். தில்லையின் எல்லைக்கு வந்து, வேள்விப் புகையைப் பார்த்து, வேதம் ஓதும் ஒலியைக் கேட்டு, அதற்குமேல் கால் எடுத்துவைக்க அஞ்சி, இரவும் பகலும் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அவரைத் தடுத்து நிறுத்தியதாக ஒரு காவலாளைக்கூடச் சேக்கிழார் காட்டவில்லை. தடை அதற்குமுன்பே அவருக்குள் குடியேறிவிட்டது. ஊர் எழுப்பிய சுவரை அவரே நெஞ்சில் சுமந்து வந்திருக்கிறார். பெரியபுராணத்தில் என்னை மிகவும் வருத்தும் பகுதி தீயில் இறங்கும் கட்டம் அன்று, இந்தச் சுற்றல்தான். எவ்வளவு அன்பு, எவ்வளவு ஆற்றல், எல்லாம் மதிலைச் சுற்றுவதிலேயே செலவாகிறது!

அதன்பின் நடப்பது நமக்குத் தெரிந்ததே. இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் கனவு. நந்தனார் தீயில் இறங்கி, பூணூலும் சடைமுடியும் உடைய முனிவராக எழுந்து, கோயிலுக்குள் போய் மறைகிறார். ஆதனூர்ச் சேரியின் உடம்போடு அவர் உள்ளே போகவில்லை. அந்த உடம்பு எரிந்த பிறகே அனுமதி கிடைத்தது.

இதே பெரியபுராணத்தில் கண்ணப்பர் இருக்கிறார். வேட்டுவர் குலத்துத் திண்ணன். வாயில் கொண்டுவந்த நீரால் திருமஞ்சனம், தலையில் செருகி வந்த பூ, கடித்துச் சுவை பார்த்த இறைச்சி. ஆகமம் தெரிந்த சிவகோசரியார் பதறிப்போகிறார். இறைவனோ அவர் கனவில் வந்து திண்ணனின் அன்பைப் புகழ்கிறார். திண்ணனுக்குத் தீ இல்லை, குளியல் இல்லை, பூணூலும் இல்லை. கடைசியில் இறைவனின் கண் இருக்கும் இடம் தெரிவதற்காகச் செருப்புக் காலைத் தூக்கி லிங்கத்தின் மேல் ஊன்றுகிறார். அதற்கும் குற்றம் இல்லை.

ஒரே கவிஞர், ஒரே தெய்வம். ஏன் இந்த வேறுபாடு? காளத்தி மலைக்காட்டில் திண்ணனிடம் ‘நீ இழிந்தவன்’ என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் தலைவனின் மகன். தன் குலத்தில் பெருமையோடு வளர்ந்தவன். இறைவனைக் கண்டதும் ஓடிப்போய்த் தழுவுகிறான். நந்தனார் வளர்ந்தது ஊரும் சேரியும் பிரிந்த வயல்நாட்டில். தழுவுவதற்குக் கை நீளவேண்டுமென்றால் அந்தக் கை தூயது என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். திண்ணனுக்கு அந்த நம்பிக்கை இருந்தது. அதைச் சிதைக்கும் அளவுக்கு ஊர் அவன் பக்கத்தில் இல்லை.

இங்கே ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும். சைவ பக்தியில் தன்னைத் தாழ்த்திக்கொள்வது உயர்ந்த பண்புதானே? மாணிக்கவாசகர் தம்மை நாயென்று எத்தனை இடத்தில் சொல்கிறார்? சொல்கிறார்தான். அவரும் தில்லையில்தான், திருவாசகத்துக்குப் பொருள் இவரே என்று கூத்தனைக் காட்டி மறைந்ததாக மரபு. ஆனால் அவர் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர், திருவாதவூர் அந்தணர். குதிரை வாங்கப் பெரும்பொருள் நம்பிக் கொடுக்கப்பட்டவர். அவர் தம்மை நாயென்று சொல்லும்போது கேட்பவர் யாரும் அதை நம்புவதில்லை. அவர் பணிவை வியக்கிறார்கள். உயரத்தில் இருப்பவர் தாமாக இறங்கி வருவது அது. நந்தனாரிடம் இறங்குவதற்கு என்ன மிச்சம் இருந்தது? மாணிக்கவாசகர் கோயிலுக்குள் நேராக நடந்து போனார், நந்தனார் நெருப்பின் வழியாகப் போனார். தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அருமையைப் பற்றி நந்தனாரின் வழிவந்தவர்களுக்குப் பாடம் எடுப்பதை இனியாவது நிறுத்திக்கொள்ள வேண்டும். தன் மதிப்பை அறிந்தவருக்குத்தான் பணிவு ஒரு தவம். அந்த மதிப்பு பறிக்கப்பட்டவருக்கு அதுவே தண்டனை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையைக் கையிலெடுத்தார். 1861இல் அச்சான அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் வருகிறார். நந்தன் அவரிடம் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துப் போட்டுவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் ஆண்டை. ஒரே இரவில் இறையருளால் அது நடக்கிறது. தஞ்சைப் பகுதிப் பண்ணை அடிமைத்தனத்தைக் கண்ணெதிரே கண்டவர் பாரதியார்; அதை உள்ளே கொண்டுவந்தது அவருடைய நேர்மை. அவருடைய நந்தன் சேக்கிழாரின் நந்தனாரைவிட அதிகமாகக் கெஞ்சுகிறான். ஆண்டையிடம் கெஞ்சுகிறான், தில்லை வாசலில் நின்று வரலாமா என்று கேட்கிறான். கேட்டவர்கள் அழுதார்கள். கதாகாலட்சேப மேடைகளில் தலைமுறை தலைமுறையாக அழுதார்கள். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தபோது கொட்டகைகளிலும் அழுதார்கள். கீர்த்தனை அச்சான ஆண்டுக்கும் கோயில் நுழைவுச் சட்டம் முழுமையாக வந்த ஆண்டுக்கும் இடையில் எண்பத்தாறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அழுத கண்கள் அத்தனை காலமும் பூட்டைப் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்திலிருந்துதான் சகஜானந்தர் வருகிறார்.

ஆரணிக்கு அருகில் உள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முனிசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார், கெட்டிக்கார மாணவர். கிறித்தவராக மாறும்படி வந்த வற்புறுத்தலுக்கு இணங்கவில்லை, படிப்பு நின்றது. பிறகு கோலார் தங்கவயல். அந்தக் காலத்தில் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிய சுரங்கங்கள் அவை. அங்கிருந்து ஆன்மிக நாட்டம் அவரைச் சென்னைக்கு இழுத்தது. வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகச் சேர்ந்தார். சகஜானந்தர் என்பது அங்கே கிடைத்த துறவுப் பெயர். 1910இல் சிதம்பரம் வந்தார்.

மதம் மாற மறுத்த அந்தச் சிறுவனைப் பற்றி யோசிக்கிறேன். மாறியிருந்தால் படிப்பு தொடர்ந்திருக்கும், வேலையும் கிடைத்திருக்கும். தாம் பிறந்த சமயமோ அவரை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. இப்படி ஓர் இக்கட்டில் ‘மாட்டேன்’ என்று சொல்லத் துணிவு மட்டும் போதாது. இந்தத் தெய்வம் எனக்கும் உரியது, இதை விட்டுக்கொடுக்க வேண்டியவன் நான் இல்லை என்ற உரிமையுணர்வு வேண்டும். நந்தனார் தில்லை எல்லையில் நின்று ‘இந்தப் பிறப்போடு எப்படிப் போவேன்’ என்று தயங்கினார். முனிசாமிக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவருக்குக் கோபம் இருந்தது. தெய்வத்தின் மேல் இல்லை, வாசலை அடைத்தவர்கள் மேல்.

குருவிடம் கேட்ட வேதாந்தம் அவருக்கு எதைக் கொடுத்திருக்கும் என்று ஊகிப்பதும் கடினமில்லை. எல்லா உயிரிலும் நிற்பது ஒரே ஆன்மா என்று கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தனிக் குவளை வைத்தவர்கள் கோடிப்பேர். சேரியில் பிறந்த ஓர் இளைஞன் அதே பாடத்தைக் கேட்கும்போது அது தத்துவமாக நின்றுவிடாது. தன் உடம்பின் மேல் ஒட்டப்பட்ட இழிவு முழுப்பொய் என்பதற்கு அது சாட்சி. 1888இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாக நிறுவிய நாராயண குருவும் இதே பாடத்திலிருந்து வந்தவர்தான். சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே, மருதூரில் பிறந்த வள்ளலார் 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை எழுப்பி அதை உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்ததும் இந்தத் தன்னம்பிக்கையின் வேறொரு வடிவம்.

சகஜானந்தர் தேர்ந்தது தனிக் கோயிலை அல்ல. முதலில் பள்ளி. இருபத்தைந்து பிள்ளைகளோடு அது தொடங்கியதாகச் சொல்வார்கள். நந்தனார் கல்விக் கழகம் அமைத்தார். மடம், விடுதி, ஆண்களுக்குப் பள்ளி, பெண்களுக்குப் பள்ளி என்று வளர்ந்தது. சேரிப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், அந்தப் பிள்ளைக்குச் சோறும் படுக்க இடமும் எழுத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. காவி கட்டியவர் கணக்குப் பார்த்தார், நன்கொடைக்கு அலைந்தார், அதிகாரிகளுக்கு மனு எழுதினார். 1926இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அதன்பின் 1959இல் காலமாகும்வரை அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி சட்டமன்றத்தில்தான் கழிந்தது. குடியிருக்க மனை, குடிக்கக் கிணறு, பயிரிட நிலம், படிக்க உதவித்தொகை, கோயிலுக்குள் போக உரிமை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டவர். ஒரு துறவிக்கு எதற்கு அரசியல் என்று அன்றும் கேட்டிருப்பார்கள். தன் மதிப்பைக் கண்டுகொண்ட ஆன்மிகம் தனியாக மோட்சத்துக்குப் புறப்படாது என்பதுதான் என் பதில். பாரதியாரின் நந்தனைச் சேரியார் ஏளனம் செய்வார்கள். அவன் தனியாளாகத்தான் தில்லைக்குப் போகிறான். சகஜானந்தர் சேரியையே கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். இவ்விருவருக்கும் இடையே எனக்கு மிகப் பெரிதாகத் தெரியும் வேறுபாடு இதுதான்.

அப்படியிருக்க, அவர் ஏன் நந்தனாரின் பெயரை எடுத்துக்கொண்டார்? தீயில் இறக்கப்பட்டவரின் பெயரை, அந்தத் தீ எரிந்ததாகச் சொல்லும் இடத்திலேயே, தம் பிள்ளைகளின் பள்ளிக்கு ஏன் சூட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்திலேயே பலவிதமான விடைகள் இருந்தன. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர். அவர் நந்தனை ஒரு பௌத்த மன்னனாகக் கண்டார். கெஞ்சும் அடியாரை ஏற்க அவருடைய தன்மானம் இடம் கொடுக்கவில்லை; எனவே நந்தனுக்கு அரியணையைத் திருப்பிக் கொடுத்தார். காந்தி 1927இல் சிதம்பரம் வந்து பேசியபோது நந்தனாரைச் சத்தியாக்கிரகியாகக் காட்டினார். தாமே துன்பத்தை ஏற்றுத் தடைகளை உடைத்தவர் என்று போற்றினார். எனக்கு இந்த இரண்டிலும் முழு நிறைவு இல்லை. மன்னனாக்கினால் ஆதனூரின் உழைப்பாளி காணாமல் போகிறார். சத்தியாக்கிரகி என்றால், தாமே விரும்பித் துன்பத்தை ஏற்றவர் என்றாகிறது. நந்தனாருக்குத் தீயைத் தவிர வேறு வழி எங்கே வைத்தார்கள்?

சகஜானந்தர் நந்தனாரைத் திருத்தி எழுதவில்லை. பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு அந்தப் பெயரின் கீழே நடக்கும் காரியத்தை மாற்றினார். அறுபத்துமூவரில் ஒருவராகச் சைவ உலகம் முழுவதும் வணங்கும் ஒருவரை, ‘இவர் எங்களவர்’ என்று உரிமை கொண்டாடினார். அறுபத்துமூவர் வரிசையில் நந்தனார் சிலைக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கள் அவர் பேரப்பிள்ளைகளை வாசலில் நிறுத்தலாமா? இந்தக் கேள்விக்குச் சைவத்துக்குள்ளேயே நின்றுகொண்டு யாராலும் விடை சொல்ல முடியாது. சகஜானந்தரின் கூர்மை அங்கே இருக்கிறது. மேலும், அங்கே படித்த பிள்ளைக்கு நந்தனார் என்பது எரிந்துபோன முன்னோரின் பெயராக மட்டும் இருக்கவில்லை. அது அவன் பள்ளியின் பெயர், அவன் சான்றிதழில் இருக்கும் பெயர். இழிவோடு இணைத்துச் சொல்லப்பட்ட ஒரு பெயரை மதிப்போடு உச்சரிக்கப் பழகிய பிள்ளை, தன் பெயரையும் அப்படியே உச்சரிக்கப் பழகிவிடுகிறது.

பிறப்பை மாற்றாமலே ஒருவரை ஏற்றுக்கொள்வதற்குச் சிதம்பரத்தின் பழைய மரபிலும் ஒரு முன்மாதிரி இருந்தது. ஏனோ மேடைகளில் அதை அதிகம் கேட்பதில்லை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணராக இருந்து, விலக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் மடம் அமைத்துத் தங்கினார். விறகு கொண்டுவந்து கொடுத்த பெற்றான் சாம்பான் என்ற சேரி மனிதர் இறைவனிடமிருந்து ஓர் ஓலை கொண்டுவந்தார், அதன்படி உமாபதி சிவம் அவருக்குத் தீட்சை கொடுத்து வீடுபேறு அளித்தார் என்பது கதை. இங்கே தூய்மைப்படுத்தும் தீ இல்லை. பூணூலும் இல்லை. பெற்றான் சாம்பான், பெற்றான் சாம்பானாகவே போய்ச் சேர்ந்தார். தாமும் விலக்கப்பட்டவராக இருந்த ஒரு குரு, எதிரே நின்றவரைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டார். நந்தனார் கதையைச் சொல்லும் ஒவ்வொருவரும் அடுத்த மூச்சில் இதையும் சொல்லியிருந்தால் தமிழ்ச் சைவத்தின் மனம் வேறு திசையில் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. சிதம்பரத்தில் அந்த நுழைவுக்கு முன்னின்றவர் சகஜானந்தர். நந்தனார் தீயில் எரித்துவிட்டுப் போன பிறப்பை, சகஜானந்தரோடு உள்ளே போனவர்கள் எரிக்காமல் உடன் கொண்டுபோனார்கள். முனிவர்களாக மாறி அல்ல, சேரியில் விழித்து, குளித்து, வேட்டி கட்டி, வீட்டிலிருந்து நேராக வந்தவர்களாகவே கூத்தனைக் கண்டார்கள். என் பார்வையில் சிதம்பரத்தின் ஆன்மிக வரலாற்றில் அதற்கு இணையான நாள் அரிது. கண்ணப்பருக்குக் காட்டிலே கிடைத்தது, நந்தனாரின் மக்களுக்கு ஊரிலே கிடைக்க எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

சகஜானந்தரின் வழி ஒன்றுதான் சரி என்று நான் வாதிட வரவில்லை. அம்பேத்கர் 1935இல் யேவலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து, 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவரும் 1948இல் வெளிவந்த தீண்டத்தகாதவர் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூன்று அடியார்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சோகாமேளரின் சமாதி பண்டரிபுரத்தில் விட்டலன் கோயிலின் படிக்கட்டடியில் இருக்கிறது. இறந்த பிறகும் அவருக்கு வாசல்தான். அம்பேத்கர் அந்த வாசலை விட்டு வெளியேறினார், சகஜானந்தர் அதைத் திறக்க வைத்தார். வெளியேறியவருக்கும் திறக்க வைத்தவருக்கும் பொதுவாக இருந்தது, நான் தாழ்ந்தவன் இல்லை என்ற உறுதி. அது இல்லாமல் உள்ளே போயிருந்தாலும் ஓரத்தில்தான் நின்றிருப்பார்கள். வெளியேறியிருந்தாலும் துரத்தப்பட்டவர்களாகத்தான் போயிருப்பார்கள்.

கோயிலுக்குள் போவது ஒன்று, பூசைசெய்வது வேறொன்று. சிதம்பரம் வட்டாரத்தில் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் நடுவண் அரசு அமைத்த குழு 1969இல் தந்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1970இல் அதற்குச் சட்டத்திருத்தமும் வந்தது. அதையொட்டி எழுந்த வழக்குகளும் வாதங்களும் இன்னும் முடிந்தபாடில்லை. சகஜானந்தர் கேட்டதில் கிடைத்தது ஒரு பகுதிதான்.

நந்தனாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாம் தகுதியற்றவர் என்று பிறர் சொன்னதை முழுக்க நம்பிய பிறகும் அன்பை விடாதவர் அவர். அப்படிப்பட்ட அன்புக்கு ஈடு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த அன்பு மதிலைச் சுற்றியே தேய்ந்து, கடைசியில் நெருப்பில் போய் முடிய வேண்டியிருந்ததே என்பதுதான் என் வேதனை. அதே அன்பு, தன் மதிப்பை உணர்ந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தபோது பள்ளியாயிற்று, சட்டமாயிற்று, ஆயிரமாயிரம் பிள்ளைகளின் படிப்பாயிற்று. பக்தியில் நந்தனார் ஒரு படி மேல் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் நம் பிள்ளைகள் யாரைப் போல வாழ வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் சகஜானந்தரைக் காட்டுவேன்.

திருநாளைப்போவாரின் குருபூசை புரட்டாசி ரோகிணியில் வருகிறது. ஊர்தோறும் சைவ மன்றங்கள் அதைச் சிறப்பாக நடத்துகின்றன. சொற்பொழிவாளர்கள் தீயின் கட்டத்தில் குரலை உயர்த்துகிறார்கள், கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. அந்த மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இது. அன்று மாலை ஒரு மணி நேரத்தைச் சுவாமி சகஜானந்தருக்கு ஒதுக்குங்கள். அவருடைய சட்டமன்ற உரைகள் தொகுக்கப்பட்டு நூலாக வந்திருக்கின்றன; அதிலிருந்து இரண்டு பக்கம் வாசியுங்கள். வாசிக்க மேடையேற்றுவது சேரியிலிருந்து வரும் ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கட்டும். முன்வரிசையில் அந்தப் பிள்ளையின் தாய்தந்தையரை உட்காரவையுங்கள்.